தேவ்லாலி ஆசிரியரின் 25 இலக்க எண்: 60 ஆண்டுகளுக்குப் பின் மெய்யான கப்ரேக்கரின் ஊகம்

மகாராஷ்டிர மாநிலம் நாசிக் அருகே உள்ள தேவ்லாலியில் 1961ஆம் ஆண்டில், ஓய்வு பெற ஓராண்டே எஞ்சியிருந்த பள்ளி ஆசிரியர் ஒருவர் 25 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணைக் கண்டறிந்தார். முதலில் 1, அதன்பின் 21 பூஜ்ஜியங்கள், இறுதியில் 102. கோடியைக் கோடியால் பெருக்கி, மீண்டும் கோடியால் பெருக்கி, அதை ஆயிரம் மடங்காக்கி, 102ஐக் கூட்டினால் வரும் எண் அது.

ஒரு குறிப்பிட்ட பண்பைக் கொண்ட எண்களுள் இதுவே மிகச் சிறியது என்று அவர் கருதினார். அக்கருத்து ஊகமாகவே நின்றது. அவர் மறைந்து 35 ஆண்டுகள் கழிந்த பின்னரே, அந்த ஊகம் சரியானது என்பதற்கான நிரூபணம் வெளிவந்தது.

அந்த ஆசிரியர் தத்தாத்ரேய ராமச்சந்திர கப்ரேக்கர். 6174 என்ற எண்ணின் வாயிலாகப் பலரும் அவரை அறிவர். கைப்பேசியில் பகிரப்படும் கணித விளையாட்டுகளில் அந்த எண் அடிக்கடி இடம்பெறுகிறது. ஆயினும் அவருடைய வாழ்க்கையையும், அவர் எழுப்பிய கேள்விகளின் ஆழத்தையும் 6174 மட்டும் உணர்த்திவிடாது.

ஜோதிடக் கணக்கிலிருந்து

மும்பைக்கு வடக்கே கடலோரத்தில் உள்ள தஹாணுவில் 1905ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் தேதி கப்ரேக்கர் பிறந்தார். எட்டு வயதில் தாயை இழந்தார். எழுத்தராகப் பணியாற்றிய தந்தையே அவரை வளர்த்தார். தந்தைக்கு ஜோதிடத்தில் மிகுந்த ஈடுபாடு உண்டு. கிரக நிலைகளைக் கணிக்கக் கூட்டலும் கழித்தலும் ஓயாமல் தேவைப்படும். ஜோதிடத்தைவிட அந்தக் கணக்குகளே மகனை ஈர்த்தன.

தாணேயில் உயர்நிலைப் பள்ளியில் படித்த காலத்திலேயே புதிர்க் கணக்குகளுக்குச் சுருக்கு வழி தேடுவதில் அவர் மணிக்கணக்கில் ஆழ்ந்திருந்தார். 1923ஆம் ஆண்டு புணே ஃபெர்குசன் கல்லூரியில் சேர்ந்தார். மாணவர்களின் சுயமான கணித ஆய்வுக்கு வழங்கப்பட்ட ராங்ளர் ஆர்.பி. பராஞ்ச்பே பரிசை 1927ஆம் ஆண்டில் பெற்றார். 1929ஆம் ஆண்டு இளநிலை அறிவியல் பட்டம் பெற்று, அதே ஆண்டில் தேவ்லாலியில் ஆசிரியராகப் பணியேற்றார். முதுநிலைப் படிப்போ, பல்கலைக்கழக ஆய்வுப் பணியோ அவருக்கு வாய்க்கவில்லை. 1962ஆம் ஆண்டில் ஓய்வு பெறும் வரை அதே ஊரிலேயே கற்பித்தார்.

கல்லூரியில் சேர்ந்த 1923ஆம் ஆண்டிலேயே ரயில் மாறுவதற்காக ஒரு நிலையத்தில் காத்திருந்தபோது, ஒருவகை எண்களைப் பற்றிய எண்ணம் அவருக்குத் தோன்றியது. அந்த நிலையத்தின் பெயர் டெம்லோ; இன்றைய டோம்பிவிலி. எண்களுக்கும் டெம்லோ எண்கள் என்றே பெயரிட்டார். இவ்வரிசையில் புகழ்பெற்றவை 1, 121, 12321, 1234321 என வளர்பவை. ஒன்பது ஒன்றுகளை வரிசையாக எழுதி (111111111) அதன் வர்க்கத்தைக் கண்டால் 12345678987654321 கிடைக்கும். இலக்கங்கள் ஏறி ஒன்பதைத் தொட்டு, அதே ஒழுங்கில் இறங்குகின்றன. பத்து ஒன்றுகளை எடுத்துக்கொண்டால் 1234567900987654321 என வந்து ஒழுங்கு குலைகிறது. ஓர் ஒழுங்கு எங்கே தொடங்குகிறது, எங்கே முறிகிறது, ஏன் முறிகிறது என்பதே வாழ்நாள் முழுவதும் கப்ரேக்கரின் தேடலாக இருந்தது.

சென்னையில் அறிவித்த எண்

6174இன் பண்பை அவர் 1946ஆம் ஆண்டில் கண்டறிந்து, 1949ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற கணித மாநாட்டில் அறிவித்தார். பின்னர் ஸ்கிரிப்டா மேத்தமேட்டிக்கா என்ற இதழில் அது குறித்து எழுதினார்.

நான்கு இலக்கங்களும் ஒன்றாக இல்லாத ஏதேனும் ஒரு நான்கு இலக்க எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். அதன் இலக்கங்களை இறங்கு வரிசையிலும் ஏறு வரிசையிலும் அடுக்கி, பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும். விடையை மீண்டும் அவ்வாறே செய்ய வேண்டும். அவர் பிறந்த ஆண்டான 1905ஐயே எடுத்துக்கொள்வோம். 9510இலிருந்து 0159ஐக் கழித்தால் 9351. அடுத்தடுத்து 8172, 7443, 3996, 6264, 4176 என்று சென்று ஏழாவது படியில் 6174 வருகிறது. அதன்பின் 7641இலிருந்து 1467ஐக் கழித்தாலும் 6174தான். எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிகளுக்கு மேல் ஆவதில்லை. 1905 அந்த உச்ச வரம்பையே தொடுகிறது என்பது தற்செயலே; ஆயினும் கப்ரேக்கருக்கு அது பிடித்திருக்கும்.

இதில் மாயம் எதுவும் இல்லை. முதல் கழித்தலிலேயே கிடைக்கக்கூடிய விடைகள் சுருங்கிவிடுகின்றன. மிகப் பெரிய இலக்கத்துக்கும் மிகச் சிறிய இலக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை 999ஆலும், நடு இரண்டு இலக்கங்களின் வேறுபாட்டை 90ஆலும் பெருக்கிக் கூட்டினால் அந்த விடை வந்துவிடும். ஆகவே ஆயிரக்கணக்கான தொடக்கங்கள் முதல் படியிலேயே 54 விடைகளுக்குள் அடங்குகின்றன. எஞ்சியவற்றை ஒரே மாலைப் பொழுதில் கையால் சரிபார்க்கலாம். மூன்று இலக்க எண்களுக்கு 495 இவ்வாறு நிலைபெறுகிறது. ஐந்து இலக்கங்களில் அத்தகைய ஒற்றை எண் கிடையாது. மூன்று சுழல்களுள் ஏதேனும் ஒன்றில் கணக்கு சிக்கிக்கொள்கிறது.

அவர் பெயராலேயே கப்ரேக்கர் எண்கள் என்று வழங்கும் மற்றொரு வகையும் உண்டு. 45இன் வர்க்கம் 2025. அதை 20, 25 என இரண்டாகப் பிரித்துக் கூட்டினால் மீண்டும் 45. 703இன் வர்க்கம் 494209. 494ஐயும் 209ஐயும் கூட்டினால் 703. ஒன்றை ஏழால் வகுக்கும்போது தசமப் புள்ளிக்குப் பின் திரும்பத் திரும்ப வரும் 142857 இவற்றுள் அழகானது. அதன் வர்க்கமான 20408122449ஐ 20408 என்றும் 122449 என்றும் பிரித்துக் கூட்டினால் 142857 மீள்கிறது. பத்து லட்சத்திலிருந்து அதைக் கழித்தால் வரும் 857143உம் கப்ரேக்கர் எண்ணே.

ஏளனம்

இத்தகைய கண்டுபிடிப்புகளை அன்றைய இந்தியக் கணித அறிஞர்கள் பலர் பொருட்படுத்தவில்லை. அற்பமானவை என்று நகைத்தவர்களும் உண்டு. அவர்களுடைய மறுப்பில் ஒரு நியாயம் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஓர் எண் பகா எண்ணா என்பது அந்த எண்ணின் இயல்பு. எந்த முறையில் எழுதினாலும் அது மாறாது. இலக்கங்களை வரிசை மாற்றுவதும் கூட்டுவதும் நாம் பத்தின் அடுக்குகளில் எண்களை எழுதும் வழக்கத்தைச் சார்ந்தவை. இராமானுஜனை உலகறியச் செய்த ஜி.எச். ஹார்டி, 1940ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலில் 8712, 9801 ஆகிய எண்களை எடுத்துக்காட்டி, இவ்வகை இலக்க வியப்புகளில் கணிதரை ஈர்க்க எதுவும் இல்லை என்று ஒதுக்கியிருந்தார். இலக்கங்களைத் திருப்பி எழுதினால் வரும் எண்ணின் நான்கு மடங்கு முன்னது, ஒன்பது மடங்கு பின்னது.

ஹார்டியின் அளவுகோலைத் தேவ்லாலி ஆசிரியர் பின்பற்றவில்லை. சிறு இதழ்கள் ஏற்றவற்றை அவற்றில் வெளியிட்டார். ஏற்காதவற்றைத் தம் பணத்தில் சிறு நூல்களாக அச்சிட்டார். அவற்றின் முகப்பில் வெளியீட்டாளர் பெயராகத் தம்மையும், இடமாகத் தேவ்லாலியையுமே குறித்தார்.

இலக்கங்களின் கூட்டுத்தொகையால் மீதியின்றி வகுபடும் எண்களுக்கு ஹர்ஷத் எண்கள் என்று பெயரிட்டார். மகிழ்ச்சி தருபவை என்பது அந்தச் சமஸ்கிருதச் சொல்லின் பொருள். இராமானுஜனோடு இணைத்துப் பேசப்படும் 1729 அவ்வகையைச் சேர்ந்தது. அதன் இலக்கங்களின் கூட்டுத்தொகை 19. 19ஐ 91ஆல் பெருக்கினால் 1729.

பிறப்பிக்கும் எண்கள்

கப்ரேக்கரின் ஆழமான கேள்வி இனித்தான் வருகிறது. ஓர் எண்ணோடு அதன் இலக்கங்களின் கூட்டுத்தொகையைக் கூட்டினால் மற்றோர் எண் பிறக்கும். 21உடன் 3ஐக் கூட்டினால் 24. 24உடன் 6ஐக் கூட்டினால் 30. 30உடன் 3ஐக் கூட்டினால் 33. இங்கே 24ஐப் பிறப்பிக்கும் எண் 21.

ஆனால் 20ஐப் பிறப்பிக்கும் எண் எதுவும் இல்லை. 31, 42, 53 ஆகியவற்றுக்கும் இல்லை. பெற்றோர் இல்லாத இவை தாமே தோன்றியவை. சுயம்பு எண்கள் என்று தமிழில் சொல்லலாம். கோயில் வழக்கில் பழகிய சொல்தான். கணிதத்துக்கும் இவ்வளவு பொருந்துவது மொழிபெயர்ப்பவருக்கு அரிதாகக் கிட்டும் வசதி. இவ்வெண்கள் பற்றிய தமது நூலைக் கப்ரேக்கர் 1963ஆம் ஆண்டில் தாமே அச்சிட்டு வெளியிட்டார். இவற்றைத் தம் ஊரின் பெயரால் தேவ்லாலி எண்கள் என்று அழைப்பதையே அவர் விரும்பினார்.

பெற்றோர் இல்லாத எண்கள் உண்டென்றால், ஒன்றுக்கு மேற்பட்ட எண்களிலிருந்து பிறப்பவையும் உண்டா? உண்டு. 91உடன் 10ஐக் கூட்டினாலும் 101. 100உடன் 1ஐக் கூட்டினாலும் 101. இரண்டு வழிகள் வந்து சேர்வதால் இத்தகையவற்றைச் சந்திப்பு எண்கள் என்றார் கப்ரேக்கர். ரயில் நிலையத்தில் எண்களைச் சிந்தித்தவருக்கு அந்தப் பெயர் தோன்றியதில் வியப்பில்லை. இரு வழிகளில் பிறக்கும் எண்களுள் மிகச் சிறியது 101.

மூன்று வழிகளில் பிறக்கும் மிகச் சிறிய எண் எது? நூறுகளிலோ ஆயிரங்களிலோ அது கிடைக்காது. லட்சத்திலும் கோடியிலும் இல்லை. கப்ரேக்கர் தந்த விடை 10000000000001. அதாவது பத்து லட்சம் கோடியே ஒன்று. 10000000000000, 9999999999901, 9999999999892 ஆகிய மூன்றும் அதைப் பிறப்பிக்கின்றன. இரண்டாவது எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 100, மூன்றாவதற்கு 109. கூட்டிப் பார்த்தால் மூன்றும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

இவ்வளவு பெரிய எண்ணை ஒவ்வொன்றாக எண்ணிச் சென்று பிடிக்க இயலாது. காரணத்தைக் கண்டாக வேண்டும். காரணம் ஒரு செங்குத்துச் சரிவில் இருக்கிறது. பதின்மூன்று ஒன்பதுகளை வரிசையாக எழுதினால் அவற்றின் கூட்டுத்தொகை 117. அதற்கு அடுத்த எண் 1உம் பதின்மூன்று பூஜ்ஜியங்களும். அதன் கூட்டுத்தொகை வெறும் 1. எனவே சரிவுக்குச் சற்று முன்னே நிற்கும் எண்கள் ஏறத்தாழ நூறு தொலைவு தாவி மறுபுறம் விழுகின்றன. மறுபுறத்தில் உள்ளவையோ ஒவ்வோர் அடியாக நகர்கின்றன. தாவி வருபவையும் நடந்து வருபவையும் ஓரிடத்தில் சேரும்படி சரிவின் உயரத்தைத் தேர்ந்துகொள்வதே சூட்சுமம்.

அதே வழியில் சென்றதால்தான் 25 இலக்க எண் கிடைத்தது. இம்முறை சரிவுக்கு முன் 24 ஒன்பதுகள்; கூட்டுத்தொகை 216. சரிவுக்கு அப்பால் இரண்டு எண்கள் நிற்கின்றன. ஒன்று, 1உம் 22 பூஜ்ஜியங்களும் 91உம். இலக்கக் கூட்டுத்தொகை 11. மற்றொன்று, 1உம் 21 பூஜ்ஜியங்களும் 100உம், கூட்டுத்தொகை 2. முன்புறத்திலும் இரண்டு உள்ளன. 22 ஒன்பதுகளும் 02உம் சேர்ந்த எண்ணின் கூட்டுத்தொகை 200. 21 ஒன்பதுகளும் 893உம் சேர்ந்த எண்ணின் கூட்டுத்தொகை 209. நான்கும் ஒரே எண்ணைப் பிறப்பிக்கின்றன: 1, பின்னர் 21 பூஜ்ஜியங்கள், பின்னர் 102.

நான்கு வழிகள் உண்டு என்பதை எட்டாம் வகுப்பு மாணவரும் சரிபார்க்கலாம். இதைவிடச் சிறிய எண் எதற்கும் நான்கு வழிகள் இல்லை என்பதை எப்படிச் சரிபார்ப்பது? விநாடிக்கு நூறு கோடி எண்களைச் சோதிக்கும் கணினி ஒன்றை இயக்கினாலும், அந்த எண்ணை எட்ட மூன்று கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். எனவே மிகச் சிறியது இதுவே என்பதைக் கப்ரேக்கர் ஊகமாகவே முன்வைத்தார்.

அந்த ஊகத்தை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை என்று சொல்ல இயலாது. 1966ஆம் ஆண்டில் நரசிங்க ராவ் ஐந்து வழிகளில் பிறக்கும் ஓர் எண்ணைக் காட்டினார். அதில் உள்ள இலக்கங்களின் எண்ணிக்கை மட்டும் 1,11,111 கோடிக்கும் அதிகம். அதைவிடச் சிறியது உண்டா என்ற கேள்வி அப்போதும் எஞ்சியது.

கொலம்பிய எண்கள்

அதே 1966ஆம் ஆண்டில் கப்ரேக்கரின் மனைவி காலமானார். மிக எளிய வாழ்க்கை நடத்தியும் ஓய்வூதியம் அவருக்குப் போதவில்லை. கணிதத்துக்கும் அறிவியலுக்கும் தனி வகுப்புகள் எடுத்து வாழ்க்கையை ஓட்டினார். எண்களை அவர் விடவில்லை.

1974ஆம் ஆண்டில் அமெரிக்கன் மேத்தமேட்டிக்கல் மந்த்லி இதழில் கொலம்பியாவைச் சேர்ந்த பெர்னார்டோ ரெக்கமான், வேறெந்த எண்ணிலிருந்தும் இவ்வாறு பிறக்காத எண்களைப் பற்றிய ஒரு வினாவை எழுப்பினார். அங்கே அவற்றுக்குக் கொலம்பிய எண்கள் என்று பெயர். தேவ்லாலியில் பதினொரு ஆண்டுகளுக்கு முன்பே நூலாக அச்சேறியவை அவைதாம். ஆசிரியரே அச்சிட்டு ஆசிரியரே விற்ற நூல்கள் எவ்வளவு தொலைவு சென்றன என்பதற்கு இந்தப் பெயரே சான்று.

மறு ஆண்டில் நிலைமை மாறியது. அமெரிக்க எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் 1975ஆம் ஆண்டு மார்ச் மாத சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில், உலகெங்கும் வாசிக்கப்பட்ட தமது கணிதப் பகுதியில் கப்ரேக்கரைப் பற்றி எழுதினார். 6174உடன் சுயம்பு எண்களும் அந்த 25 இலக்க எண்ணும் வெளியுலகை எட்டின. அப்போது கப்ரேக்கருக்கு வயது 70. 1986ஆம் ஆண்டில் அவர் தேவ்லாலியில் காலமானார்.

அவர் விட்டுச்சென்ற கேள்விகள் மெல்ல ஆய்வுக் கட்டுரைகளாயின. 2000ஆம் ஆண்டில் டக்ளஸ் ஐயனுச்சி, கப்ரேக்கர் எண்களுக்கும் 99, 999, 9999 போன்ற எண்களின் ஒருவகைக் காரணிகளுக்கும் ஒன்றுக்கொன்றான தொடர்பு உண்டு என்று காட்டினார். 45உம் 142857உம் வெறும் இலக்க விளையாட்டு அல்ல, காரணிப்படுத்தலின் விளைவு என்பது அதனால் தெளிந்தது. பத்துக்குப் பதில் வேறு அடிமானத்தில் எழுதினாலும் அதற்குரிய கப்ரேக்கர் எண்கள் தோன்றும்.

2021ஆம் ஆண்டின் இறுதியில் மாக்ஸ் அலெக்சேயெவ், டோனவன் ஜான்சன், நீல் ஸ்லோன் ஆகியோரின் கட்டுரை வெளிவந்தது. அதன் தலைப்பிலேயே கப்ரேக்கரின் பெயரும் சந்திப்பு எண்களும் இடம்பெற்றன. எந்த அடிமானத்திலும், எத்தனை வழிகளுக்கும், மிகச் சிறிய சந்திப்பு எண்ணைத் தரும் தொடர்பு வாய்பாடுகளை அவர்கள் வருவித்தனர். அவற்றிலிருந்து கிடைத்த விடைகளுள் ஒன்று, நான்கு வழிகளில் பிறக்கும் மிகச் சிறிய எண் 1, 21 பூஜ்ஜியங்கள், 102 என்பது. நரசிங்க ராவ் காட்டிய எண்ணும் ஐந்து வழிகளுக்கு மிகச் சிறியதே என்று தெரியவந்தது.

அந்த மூவருள் ஒருவரான ஸ்லோன் நிறுவிய இணைய எண் தொடர்க் கலைக்களஞ்சியத்தில் 1, 3, 5, 7, 9, 20, 31, 42 என்று தொடங்கும் வரிசைக்குத் தனிப் பதிவு இருக்கிறது. சுயம்பு எண்கள் அல்லது கொலம்பிய எண்கள் என்பது அதன் தலைப்பு. கப்ரேக்கர் விரும்பிய தேவ்லாலி என்ற பெயர் அந்தத் தலைப்பில் இல்லை.